தேடச் சொன்னால் போதுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

“இணையத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லப்படாத வகுப்பறை இன்று நம் ஊர்ப் பக்கத்தில் எங்குமே இராது. பல்லவர் கலையைப் பற்றி இரண்டு பக்கம், காற்று மாசைப் பற்றிப் படங்களுடன் ஓர் ஆல்பம், விடுதலைப் போராட்ட வீராங்கனை ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை. மறுநாள் நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் நாற்பதிலும் ஒரே பத்திதான் இருக்கும். அந்தப் பத்தியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் நாற்பதிலும் இருக்கும்! ஆசிரியை அத்தனையிலும் பொறுமையாகக் கையெழுத்திட்டுவிட்டு, வண்ணப் பேனாவில் ஓரக்கோடு போட்ட நோட்டுக்கு மட்டும் ‘மிக நன்று’ என்று எழுதுவார்.

இதைக் கண்டு பெரியவர்கள், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பல் அதிகம்” என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே பக்கத்தில் ஆயத்தமாக இருக்கும் விடையைக் கேட்டால், அதைப் பார்த்து எழுதுவதைத் தவிர ஒரு மாணவி வேறு என்னதான் செய்ய முடியும்? இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டபடியால் பார்த்து எழுதும் சிரமம்கூட இல்லை. கேட்ட மாத்திரத்தில் இரண்டு பக்கம் வந்து விழுகிறது. ஆகவே கோளாறு கேள்வியில்தான் இருக்கிறது. நல்ல கேள்வியைத் தயாரிப்பது ஆசிரியையின் பொறுப்பு என்பது உண்மையே. ஆனால் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அவருக்கு வேண்டிய நேரத்தையும் துணையையும் பள்ளியும், பெற்றோரும், மாணவியராகிய நாமும் கொடுத்திருக்கிறோமா என்று சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

இந்தக் கவலை புதியதன்று. 1995-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சான் டியேகோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் என்னும் பேராசிரியர், டாம் மார்ச் என்பவருடன் சேர்ந்து, ஆசிரியர்களுக்காக ‘வெப்க்வெஸ்ட்’ என்னும் பாடமுறை ஒன்றை உருவாக்கினார். நாம் அதைத் தேடல் பாடம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் முதலில் ஆவலைத் தூண்டும் ஒரு சிறு முன்னுரை இருக்கும். பிறகு மாணவர் செய்து முடிக்க வேண்டிய பணி, அதைச் செய்யும் வழிமுறை, ஆசிரியரே முன்கூட்டிப் படித்துப் பொறுக்கியெடுத்த சில இணையப் பக்கங்கள், மதிப்பெண் எப்படி இடப்படும் என்னும் விளக்கம், ஒரு முடிவுரை ஆகியவை வரும். கேட்பதற்கு நம் அறிவியல் செய்முறை நோட்டைப் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அதன் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. பக்கங்களை ஆசிரியரே தேர்ந்து கொடுத்துவிடுவதால் மாணவியின் நேரம் தேடி அலைவதில் கழியாமல், படித்ததைக் கொண்டு யோசிப்பதில் கழிகிறது. பணியோ, எந்த ஒரு பக்கத்திலும் விடை கிடைக்காதபடி அமைகிறது. படித்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் பணியை டாட்ஜ் மிக எளிய படியிலேயே வைக்கிறார்.

நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இந்த வாசலைத் திறந்துதான் வைத்திருக்கின்றன. 2018 முதல் வெளிவந்த புதிய புத்தகங்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. பல பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதியும் இருக்கிறது. 2017-இல் தொடங்கப்பட்ட தீக்ஷா தளத்தில் வீடியோப் பாடங்களுக்கும் குறைவில்லை. இவற்றை நான் குறை கூறவில்லை. நம் அக்காமார்களுக்கு இந்த வசதி ஏது? ஆனால் அந்த இணையச் செயல்பாடுகளில் பெரும்பாலானவை இங்கே சொடுக்கு, அங்கே சொடுக்கு என்று படிப்படியாகக் கூட்டிச்சென்று, ஒரு படத்தைக் காட்டிவிட்டு முடிந்துவிடுகின்றன. விருந்தாளியைக் கையைப் பிடித்து வாசல்வரை அழைத்துப் போய், உள்ளே எதற்காக வந்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது போல இருக்கிறது. “இதைப் பார்த்து நீ என்ன முடிவுக்கு வந்தாய், ஏன்?” என்று கேட்கும் வரியைத்தான் நான் அதிகம் காணவில்லை. அந்த ஒரு வரியை எழுதக்கூடியவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியைதான்.

பொதுப்படப் பேசிக்கொண்டே போகாமல், நம் வாசலிலேயே இருக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். உல்லாசப் பயணம் என்றால் நமக்கு அந்த ஊர்தான். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ, கடற்கரைக் கோயில் முன்னால் ஒரு போட்டோ, சவுக்கு நிழலில் புளியோதரை, சங்கு மாலை பேரம், பிறகு பஸ். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட இடத்தில் நாம் செலவழிக்கும் நேரம் இவ்வளவுதான். வெண்ணெய் உருண்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெரிய புடைப்புச் சிற்பத்தைப் போகிற போக்கில், “இதுதான் அர்ச்சுனன் தபசு” என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

அது அர்ச்சுனன் தபசுதானா? இதுவே நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் தீர்க்காத வழக்கு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு பெரும் பாறைகள். நடுவே இயற்கையாக அமைந்த ஒரு பிளவு. பிளவுக்குள் நாகர்கள். இடப்பக்கம் எலும்பும் தோலுமாக ஒருவர் கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கிறார். அவருக்கு எதிரே சிவபெருமான் வரமளிக்கும் கையோடு காட்சி தருகிறார். தேவர்கள், வேடர்கள், சிங்கங்கள், குட்டிகளுடன் யானைகள். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள்! நிற்கிறவர் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி. சிவனே வேடனாக வந்த கதையாதலால் வேடர்கள் அதற்குச் சாட்சி. கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்பது மறு கட்சி. 1914-இல் விக்டர் கொலூபேவ் என்னும் அறிஞர் இதை எடுத்துச் சொன்னார். பிளவுதான் ஆறு, அதில் நீந்தி வருபவர்களே நாகர்கள், பாறையின் உச்சியில் நீர் தேக்கிய தொட்டியின் தடயமும் உண்டு என்பது அந்தக் கட்சியின் வாதம். நம் தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களோ இரண்டையும் மறுத்து, இது சமணரின் அஜிதநாத புராணத்தில் வரும் சகர மன்னரின் புதல்வர் கதை என்று ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். பார்க்கிறவர் இரண்டு கதைகளையும் காணும்படி சிற்பிகள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது ‘மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுக’ என்பதற்குப் பதிலாக, ஓர் ஆசிரியை ஒன்பதாம் வகுப்பில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “இந்தப் பாறைக்கு முன்னால் ஓர் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். எட்டே வரிகள். தவம் செய்பவர் யார் என்னும் உங்கள் தீர்ப்பு அதில் இருக்க வேண்டும். உங்களுக்கு எதிரான கட்சியின் மிக வலுவான சான்று ஒன்றும் இருக்க வேண்டும். நால்வர் சேர்ந்து ஒரு பலகை.” நால்வரில் ஒருத்தி இரண்டு புராணக் கதைகளையும் படிக்கிறாள். ஒருத்தி சிற்பத்தின் பெரிய படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் குறிப்பெடுக்கிறாள். ஒருத்தி தண்ணீரைப் பற்றிய சான்றுகளைத் தேடுகிறாள். மற்றொருத்தி ஆராய்ச்சியாளர்கள் சொன்னதைப் படித்து, யார் எப்போது எதனால் சொன்னார் என்று எழுதுகிறாள். பிறகு நால்வரும் உட்கார்ந்து வாதாட வேண்டும். இந்தப் பலகையை எந்தத் தளத்திலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. செயலியே எழுதித் தந்தாலும், “அந்தச் சான்று பாறையில் எங்கே இருக்கிறது, காட்டு” என்று ஆசிரியை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் மாணவிதான். அடுத்த மாதம் உல்லாசப் பயணம் போகும்போது புளியோதரைப் பொட்டலத்தை மறந்துவிட்டு எல்லோரும் அந்தப் பிளவின் முன்னால் நிற்பார்கள். (என்னைக் கேட்டால் நான் பகீரதன் கட்சி. நாகர்கள் இருக்கும் இடத்தைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றவில்லை. ஆனால் வேடர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.)

இந்த ஒரு பாடத்துக்கு ஐந்து பக்கங்களைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு வேலை என்று அறிய விரும்பி, அம்மாவின் போனை வாங்கி நானே உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மாலைகள் ஆயின. சிற்பத்தின் அளவைப் பார்த்தால் ஓரிடத்தில் நீளம் 29 மீட்டர், உயரம் 13 மீட்டர் என்றிருக்கிறது. மற்றோரிடத்தில் 30, 15 என்றிருக்கிறது. எது சரி? ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிய பக்கங்கள் பல. தமிழில் விரிவாக எழுதப்பட்டவை குறைவு. ஆங்கிலத்தில் இருப்பவையோ எட்டாம் வகுப்புத் தங்கைக்குப் புரியாத நடை. வேங்கடசாமி அவர்களின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை; ஆதலால் அவருடைய புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்க முடிந்தது. அது எனக்குக் கிடைத்த புதையல்.

வீடியோக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன என்னும் பழங்கதையை எடுத்துக்கொண்டு, பயங்கரமான இசையோடு, கடலடியில் ஒரு மாநகரத்தையே காட்டிவிடுகிறார்கள். நடந்தது என்ன? 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தினரும் இங்கிலாந்திலிருந்து வந்த குழுவினரும் கடலில் மூழ்கிப் பார்த்துக் கற்சுவர்களின் எச்சங்களைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபின், புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில் மணல் அரிக்கப்பட்டு ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை ஒரு முருகன் கோயிலுக்கு அளித்த கொடையைச் சொல்லின. கண்ணுக்குத் தெரியும்படி அங்கே கோயில் எதுவும் இல்லை. கல்வெட்டை நம்பித் தொல்லியல் துறையினர் 2005-இல் தோண்டினார்கள். செங்கல்லால் கட்டிய பழைய கோயிலின் அடிப்பகுதி மண்ணுக்குள் இருந்தது! வீடியோக்காரர்களின் கடல் நகரத்தைவிட இது எவ்வளவு சுவையான செய்தி! எந்தப் பக்கத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? ஆனால் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்ட ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் யார்? காலையில் வழிபாட்டுக் கூட்டம், அடுத்தடுத்துப் பாடவேளைகள், உணவு இடைவேளையில் மேற்பார்வை, மாலையில் நோட்டுத் திருத்தம், அதற்குமேல் எமிஸ் தளத்தில் பதிவு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியை. வீட்டுக்குப் போனால் அடுப்படி. மூன்று மாலை வேலையை அவர் எந்த மாலையில் செய்வார்? “ஆசிரியைகள் புதுமையாகப் பாடம் நடத்துவதில்லை” என்று குறை சொல்வது எளிது. பயிற்சி வகுப்பு என்று ஒருநாள் அழைத்துத் திரையில் சில படங்களைக் காட்டி அனுப்புவதும் எளிது. ஒரு தேடல் பாடத்தை உட்கார்ந்து, முழுவதும் செய்து, பிள்ளைகளிடம் நடத்திப் பார்த்து, திருத்துவதற்கு இடம் கொடுத்தால் அல்லவா அது பயிற்சி?

“கணிப்பொறியைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள், ஆசிரியை எதற்கு?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்று சுகதா மித்ரா என்னும் பேராசிரியரின் சோதனை. 1999-இல் டில்லியில் கால்காஜி என்னுமிடத்தில் ஒரு சுவரில் துளையிட்டுக் கணிப்பொறியை வைத்தார். தெருப் பிள்ளைகள் தாமே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு தமிழ் பேசும் காளிக்குப்பம் என்னும் சிற்றூரில், ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியலைப் பிள்ளைகள் தாமாகக் கற்க முடியுமா என்று சோதித்தார். அந்த ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. தனியே விட்டபோது அவர்கள் பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களின் அளவுக்கு வந்தார்கள். உயிரியலே அறியாத ஓர் இளம்பெண் அருகே இருந்து கேட்டும் பாராட்டியும் ஊக்கப்படுத்தியபின், டில்லியின் பெரிய தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமமானார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆயினும் இந்தச் சோதனை ஆசிரியை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதே என் கருத்து. என்ன கற்க வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்து, அதற்கான பக்கங்களைத் தேடி, கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தார். இன்னொருவர் பக்கத்தில் நின்று, “எப்படிக் கண்டுபிடித்தாய்? சொல் பார்க்கலாம்” என்றார். இரண்டையும் சேர்த்தால் அவர்தானே ஆசிரியை?

இனி பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் கையில் சொந்த போன், தங்கை கையில் இருந்தால், “பெண் பிள்ளைக்கு எதற்கு இது?” என்பது பல வீடுகளில் நடக்கும் வழக்கம். உங்கள் அச்சத்தை நான் பழிக்கவில்லை. தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, எங்கு போகிறோம் என்று தெரியாமல் இணையத்தில் அலைவதில் ஆபத்து உண்டு. ஆனால் ‘இணையத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வா’ என்னும் வீட்டுப்பாடம் உங்கள் மகளை அப்படித்தானே அனுப்புகிறது? தேடல் பாடமோ பள்ளியின் கணிப்பொறி அறையில், நால்வராக, ஆசிரியை பார்த்துத் தேர்ந்த ஐந்து பக்கங்களில் நடக்கிறது. அப்பா கடலிலிருந்து திரும்பியபின் இரவு எட்டு மணிக்குத்தான் போன் கையில் கிடைக்கும் என்று சொல்லும் தோழிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும், வீட்டில் மடிக்கணினி உள்ளவர்களுக்கும் அன்று ஒரே அளவு நேரம் கிடைக்கும். வீட்டுப்பாடமாகக் கொடுக்கும்போது இந்தச் சமநிலை இல்லை. இதை யாரும் வெளியே சொல்வதில்லை; நோட்டு வைக்காதவள் எழுந்து நின்று திட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

பொதுத்தேர்வு இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். சரிதான். பத்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள். எட்டிலும் ஒன்பதிலும் பருவத்துக்கு ஒன்றே ஒன்று நடக்கட்டும். எல்லாப் பாடத்துக்கும் தேடல் வேண்டியதும் இல்லை. வாய்ப்பாட்டுக்கும் இலக்கணச் சூத்திரத்துக்கும் மனப்பாடமே மேல். தேடத் தகுந்த கேள்வி நம் மாவட்டத்திலேயே கொட்டிக் கிடக்கிறது. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அங்கே எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தின் பெரும்பகுதி தயாராகிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கு இடம் மாறுபடும் என்கிறார்கள். அப்படியானால் நம் ஊர்ப் பாம்பின் நஞ்சிலிருந்து செய்த மருந்து ராஜஸ்தானத்தில் கடிபட்டவருக்குப் போதுமா? ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இதைப் படித்து, சுகாதாரத் துறைக்கு எழுதுவது போல ஒரு கடிதம் எழுதலாம்.

மதர் அவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியதே. மாதத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல் கணிப்பொறி அறையை ஆசிரியைகளுக்கென்று ஒதுக்குங்கள்; அன்று அவர்களுக்கு வேறு எந்தப் பதிவேட்டு வேலையும் வேண்டாம். ஒரு பாடத்துக்கு இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து உட்காரட்டும். தனியாக யோசிப்பதைவிட இருவராக யோசித்தால் கேள்வி கூர்மையாகிறது. ஆங்கிலப் பக்கங்களை எளிய தமிழில் எழுதித் தருவது, கொடுத்த முகவரிகள் இன்னும் திறக்கின்றனவா என்று பருவத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது, கேள்வி தங்கைகளுக்குப் புரிகிறதா என்று முதலில் செய்து பார்ப்பது ஆகியவற்றைப் பதினோராம் வகுப்பு அக்காமார்களும் நாங்களும் செய்ய முடியும். முடிந்த பாடங்களை ஒரு கோப்பில் போட்டு நூலகத்தில் வைத்தால், அடுத்த ஆண்டு வரும் ஆசிரியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத நாளுக்காக ஐந்து பக்கங்களையும் அச்செடுத்து அதே கோப்பில் வைத்துவிடலாம்.

மாமல்லபுரப் பாடத்துக்கு நான் குறித்துவைத்த ஐந்து பக்கங்களின் பட்டியலைச் சமூக அறிவியல் ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். அவர் ஒன்றை அடித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார். அவர் சேர்த்ததே மேலானது. அவற்றில் இரண்டு ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழாக்கம் செய்ய நால்வர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் நூலகத்தில் பெயர் கொடுக்கலாம்.